அகப்படவில்லை

சென்னிமலைச் சாலை ஆய்வுக்கூடம்;
கரன்ட் போய் வந்த மத்தியானம்.
உணரியின் தங்க முனை
மஞ்சள் கரைசலில் நுனிநாக்கை வைக்கிறது.
திரையில் கோடு கிடந்தபடி கிடக்கிறது,
பக்கத்துச் சந்தில் விசைத்தறி அடிக்கையில்
கொஞ்சம் நடுங்குகிறது.

"ஈயம் இருக்குதுங்களா, இல்லீங்களா?"
திரும்பி வந்த பதினாறு மூட்டைக்காக
பொங்கியண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்.

'இல்லை' என்று எழுதக் கூடாது.
'அகப்படவில்லை' எனலாம்.
பக்கத்தில் எல்லை: லிட்டருக்கு இரண்டு மைக்ரோகிராம்.
அதற்குக் கீழே என்ன இருந்தாலும்
என் கருவிக்கு அது வெறும் தண்ணீர்.

தாளை நாலாய் மடித்து
"போதுமுங்க" என்று போய்விட்டார்.

எனக்குப் போதவில்லை.
தறி நின்ற பத்து மணிக்கு
மீதமிருந்த சொட்டில் மறுபடி முனையை நனைக்கிறேன்.
கோடு எழும்பிற்றா,
இல்லை,
மேசையில் ஊன்றிய
என் கைதானா?