முப்பதுக்கு நாற்பது

முனிரத்தினத்துக்கு இந்த வாரம் பி ஷிஃப்ட்.
எனக்குப் பூப்பண்ணை வேன் காலை ஐந்தரைக்கு.
அவன் வந்து செருப்பைக் கழற்றும்போது
நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன்.
ஆகவே எங்கள் குடும்பம்
தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின்
பின்பக்கத்தில்தான் நடக்கிறது.

"சீட்டுக்கு நாலாயிரம் கட்டியாச்சு.
சிலிண்டர் புக் பண்ணு.
தயிர் புளிச்சிடுச்சு, ஊத்திக்காதே"
என்று அரிசி டப்பாவுக்கு அடியில் வைப்பேன்.

"புளிச்சதையும் ஊத்திக்கினேன்.
சூப்பர்வைசர் பரீட்சைக்குப் பேர் குடுத்திருக்கேன்.
பாஸானா ரெண்டாயிரத்து ஐநூறு கூட.
ஆகலன்னா யார்கிட்டயும் சொல்லாதே"
என்று பதில் இருக்கும்.
திருப்பினால்
ராகு காலம், குளிகை, மேல்நோக்கு நாள்.

பிப்ரவரி முழுக்க எனக்கு ஓவர்டைம்.
பெயர் வாயில் நுழையாத ஊர்க் காதலர்களுக்காக
முள் நீக்கி, இருபது இருபதாகக் கட்டுவோம்.
குளிர் அறையில் விரல் மரத்துப்போகும்.
நாலு மணி நேரம் ஒரு மூட்டை சிமெண்ட் என்று
கணக்கு வைத்துக்கொண்டால் அவ்வளவாக வலிக்காது.
அவன் எனக்கு ரோஜா வாங்கித் தந்ததில்லை.
தந்திருந்தால்
எந்தக் கடையில் ஏமாந்தாய் என்று கேட்டிருப்பேன்.

சித்திரையில் ஒரு ஞாயிறு
இருவருக்கும் ஒன்றாக லீவு விழுந்தது.
ராயக்கோட்டைப் பக்கம் மனை பார்க்கப் போனோம்.
புரோக்கர் மாரப்பா
பைபாஸ் வரப்போகுது, காலேஜ் வரப்போகுது என்று
வராதவற்றையெல்லாம் கைநீட்டிக் காட்டினார்.
வந்திருந்தவை:
கொள்ளு அறுத்த காடு,
வெள்ளை அடித்த கற்கள்,
தள்ளி ஒரு புளியமரம்.

மனை எண் பதினேழு. முப்பதுக்கு நாற்பது.
எங்கள் கையில் இருந்த பணம்
அதன் தென்மேற்கு மூலைக்குச் சரியாக வரும்.

மாரப்பா ஃபோன் பேச ஒதுங்கியதும்
பையிலிருந்து கோலப்பொடியை எடுத்தேன்.
"என்னாத்துக்கு இது?"
"சும்மா நட."

அவன் செருப்பு பதினொன்று வைத்தால் பத்தடி.
குதிகாலோடு நுனியை ஒட்டி ஒட்டி அவன் நடக்க,
பின்னாலேயே கோடு இழுத்தேன்.
ஹால். சமையலறை.
ஜன்னலுக்குக் கோட்டில் இடைவெளி.
"அம்மா வந்தா எங்க படுப்பாங்க?"
"உங்கம்மாவா, எங்கம்மாவா?"
கொஞ்ச நேரம் இருவரும் தரையைப் பார்த்தோம்.
பிறகு ஹாலை ரெண்டு செருப்பு அகலமாக்கினோம்.

கக்கூஸ் உள்ளேயா வெளியேயா என்பதில்
கட்டாத வீட்டின் முதல் சண்டை.
ஊரில் யார் வீட்டில் உள்ளே இருக்கிறது என்றான்.
ராத்திரி ரெண்டு மணிக்கு
டார்ச் பிடித்துப் போகிறவள் நான் என்றேன்.
அவன் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
அதற்குள் ஓர் ஆடு சுவர் வழியே நுழைந்து,
சமையலறையில் புழுக்கை போட்டுவிட்டு,
எதிர்ச்சுவர் வழியே போனது.
சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தோம்.

மாரப்பா திரும்பி வந்தார்.
கோடுகளைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.
"பத்திரம் யார் பேர்ல?"
"லோன் என் பேர்ல. பத்திரம் சசிரேகா பேர்ல"
என்றான் இவன், ஏதோ சேலை எடுத்துத் தருகிறவன்போல.
"கொஞ்சம் இரு" என்றேன்.
"ரெண்டுலயும் ரெண்டு பேர்."
மாரப்பா சொன்ன விலையை
நான் மனதில் வகுத்துப் பார்த்தேன்.
இன்னும் ஐந்து பிப்ரவரி.
அவன் பாஸானால் நாலு.

திரும்பும் வழியில் உத்தனப்பள்ளியில்
கோடை மழை பிடித்துக்கொண்டது.
பஞ்சர் கடை ஓலைக்கு அடியில் வண்டியோடு ஒதுங்கினோம்.
வந்த திசையில் வானம் இன்னும் கறுப்பாக இருந்தது.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னான்:
"நம்ம வீடு ஒழுகுது."

அன்று ராத்திரியே அவனுக்கு சி ஷிஃப்ட்.
விடிகாலையில் அரிசி அளக்கப் போனபோது
டப்பாவுக்கு அடியில் ஞாயிற்றுக்கிழமைத் தாள்:

"உள்ளேயே இருக்கட்டும்.
ஆனா கதவு சமையக்கட்டுப் பக்கம் வேணாம்.
கோலப்பொடி வாங்கி வை."