ஜீரோ பாத்துக்க

பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயருக்கு
ஓர் எழுத்து குறைந்துவிட்டது.
கருப்பையா, கருபையா ஆகி
நான் மதுரைக்கு அலைந்து முடிப்பதற்குள்
மூன்று பேரும் திருச்சியில் விமானம் ஏறிவிட்டார்கள்.
என் டிக்கெட்டுக்குப் பாதிப் பணம் திரும்பி வந்தது.
மீதிப் பாதி
எனக்குப் பதிலாக ஃபுக்கெட்டைப் பார்த்திருக்கும்.

தேவகோட்டை ரஸ்தா பங்கில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
அக்கினி நட்சத்திரம், பதினோராம் நாள்.
பகலெல்லாம் குடித்த வெயிலை
ராத்திரி தரை கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும்.
செருப்பைக் கழற்றினால் தெரியும்.

பதினொன்றரைக்கு வீடியோ கால். அங்கே மணி ஒன்று.
போன் பேசக் கூடாது என்ற பலகைக்குக் கீழே நின்று எடுத்தேன்.
கழுத்துவரை நுரைக்குள் சாத்தையா கத்துகிறான்:
"மாப்ள, தெரியுதா?"
தெரிந்தது. லாரி கழுவும்போது வருமே, அதே நுரைதான்.
கொஞ்சம் ஊதா விளக்கு அடித்திருந்தார்கள்.
தன் கல்யாணத்திலேயே சிரிக்காத அபுதாகிர்
ஆடிக்கொண்டிருந்தான்.
மூவர் மணிக்கட்டிலும் பச்சைப் பட்டை,
அது இருந்தால்தான் உள்ளே விடுவார்களாம்.
ஊரைத் தாண்டிய பிறகு
காப்புக் கட்டிக்கொண்டவர்கள்.

டெம்போ ஒன்று வந்தது.
"ஜீரோ பாத்துக்குங்கண்ணே" என்று நாசிலைச் செருகினேன்.
திரும்பி வந்தால் திரை கறுப்பு,
கால் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.
அடைக்கலராஜ் கட் பண்ணாமல் பைக்குள் போட்டுவிட்டான்.

நான் கட் பண்ணியிருக்கலாம்.
பண்ணவில்லை.

கால்சட்டைப் பைக்குள் இருந்து கேட்டால்
ஒரு தீவு முழுக்க மாவு மில் மாதிரி இருக்கிறது.
நடுவில் சாத்தையாவின் குரல்:
"வயிரவன் வராததும் நல்லதுதான்டா.
வந்திருந்தா பில்லைக் கூட்டிப் பாத்துக்கிட்டே இருப்பான்."
சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன். பார்த்திருப்பேன்தான்.

அப்புறம் மில் தூரமாகப் போனது.
யாரோ நடக்கிறார்கள்,
அரிசி மூட்டையைத் தரையில் இழுப்பது போல.
பிறகு அது.
முதலில் காற்று என்று நினைத்தேன்.
வந்து, நின்று, யோசித்து,
வேண்டாமென்று போகிறது.
மறுபடி வருகிறது.

இங்கே இரண்டரை. அங்கே நாலு.
அடைக்கலம் பேசினான்:
"நீ யார் வீட்டு நாய்?
வாலை ஆட்டாத, எங்கிட்ட ஒண்ணும் இல்ல."
கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும்.
"கடையை மாசியிலேயே வித்துட்டேன், தெரியுமா.
போர்டுல மட்டுந்தான் என் பேரு.
வீட்ல சொல்லல. இவனுங்கட்டயும் சொல்லல.
நீயும் சொல்லிராத."

நாய் சொல்லவில்லை.

அப்போதுதான் தொண்டியிலிருந்து மீன் வண்டி வந்தது.
பின்கதவு இடுக்கில் ஐஸ் தண்ணீர் சொட்டி
சூடு ஆறாத சிமென்ட்டில் விழுந்து
விழுந்த இடத்திலேயே நாற்றமாக எழுந்தது.
காதில் ஒரு கடல், மூக்கில் வேறொன்று.
நடுவே நின்று மூவாயிரத்துக்கு டீசல் போட்டேன்.
"என்ன தம்பி, போன்ல மழையா?" என்றார் டிரைவர்.
"ஆமாண்ணே."

மூக்குத் தோல் உரிந்து வந்து சேர்ந்தார்கள்.
எனக்கு, ஃப்ரிட்ஜில் ஒட்டும் குட்டி யானை.
எங்கள் வீட்டில் பீரோதான். ஒட்டிக்கொண்டது.
எழுநூறு போட்டோ காட்டினார்கள்,
ஒன்றில் காது மடிந்த செம்பட்டை நாய்.
"இது மட்டும் எங்கூடவே சுத்துச்சுடா" என்றான் அடைக்கலம்.
"பேரு?"
"வைக்கல."

நேற்று பைக்கில் பங்குக்கு வந்தான்.
பட்டையை இன்னும் வெட்டவில்லை,
பச்சை வெளுத்து அழுக்கேறியிருந்தது.
"நூறுக்குப் போடு."
கடை எப்படிப் போகுது என்று கேட்க வாயெடுத்து
எல்லோரிடமும் சொல்வதையே சொன்னேன்:
"ஜீரோ பாத்துக்க."

பார்த்தான்.
பெட்ரோல் ஓடத் தொடங்கிய பிறகும்
அந்த ஜீரோ இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.