இந்த மாதிரிக்கு ஆதரவு இல்லை

காலை ஒன்பதரை, இன்னும் விடியவில்லை.
ஜூனில் புந்தா அரேனாஸ் அப்படித்தான்,
சூரியனும் தாமதமாகவே கடை திறக்கும்.
எவரிஸ்தோ ஓயார்சோ மடிக்கணினியைக்
கம்பளிச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார்,
நீரிணைக் காற்று பிடுங்கிக்கொள்ளும் என்பதுபோல.

போர்வெனீர் படகின் எஞ்சின் அறையில் முப்பத்தொரு வருடம்.
உரிமம் புதுப்பிக்கும் படிவம்
இந்தக் கணினியில் திறக்க மாட்டேன் என்கிறது.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
இவ்வளவையும் கத்திச் சொன்னார்.
கோபமில்லை.
அவர் பேச்சே அப்படி.

பதினாலு வயது அலுமினியம்.
மூடியில் ஒரு சொட்டை, விசைகளுக்கிடையில் கிரீஸ்.
நினைவகத்தை இரட்டிப்பாக்கினேன்.
விசிறியிலிருந்து ஊதி எடுத்த தூசியில்
ஒரு பூனைக்குட்டி பிடித்துவைக்கலாம்.

புதிய இயங்குதளம் வாசலிலேயே கேட்டது, யார் நீ?
கணினி உண்மையைச் சொன்னது.
இந்த மாதிரிக்கு ஆதரவு இல்லை, என்றது திரை.
எந்த மாதிரிக்கு?
இந்த மாதிரிக்குத்தான்.
அதற்குமேல் அதனிடம் பேச்சில்லை.

எங்கெங்கோ தூக்கம் கெட்டவர்கள்
காசு வாங்காமல் எழுதிவைத்த சிறு நிரல் ஒன்றுண்டு.
நிறுவியின் காதில் பூச்சுற்றும் அது,
இது பழசில்லை, நேற்றுப் பிறந்த பிள்ளை என்று.
அதைப் பென்டிரைவில் ஏற்றும்போது எட்டிப் பார்த்தார்.
என்ன செய்கிறாய், தானிக்கா?
பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறேன்.
என்ன?
பொய்! என்று நானும் கத்தினேன்.
மை வாங்க வந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

அவள் போகும்வரை பொறுத்து
கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.
வருடாவருடம் கண்ணாடி அறையில் உட்காரவைத்து
ஹெட்போன் மாட்டுவார்களாம்.
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும்.
ஒன்றும் கேட்காது.
ஆனால் அந்தப் பக்கம் நர்ஸ் விசையைத் தொடும்போது
அவள் இடது தோள் ஒரு நூல் இறங்கும்.
ஏழு வருடமாக அந்தத் தோளைத்தான் கேட்கிறேன், என்றார்.

அப்போ எஞ்சின்?
குனிந்து தன் பூட்ஸைத் தட்டினார்.
அது இங்கே கேட்கும்.

முதல் முறை, 'பன்னிரண்டு நிமிடம் மீதம்' என்று
நாற்பது நிமிடம் நின்றது.
இரண்டாம் முறை காற்றில் மின்சாரம் போனது.
மூன்றாவதில் கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள்
படித்து முடிப்பதற்குள் மேலே ஓடின,
நடுவில் எங்கோ 'பிழை' என்று பார்த்தேன்,
பார்க்காததுபோல் இருந்தேன்.
இரவு இரண்டேகாலுக்கு
யாருடையதோ ஒரு மலை திரையில் எழுந்தது.
எங்கள் ஊர் மலை இல்லை. இருந்தாலும் கைதட்டினேன்.

வைஃபை வந்தது. நிறங்கள் வந்தன.
ஒலி மட்டும் வரவில்லை.
மறுநாள் முழுக்க மல்லுக்கட்டினேன்.
ஒலிபெருக்கிப் படத்தின்மேல் ஒரு குறுக்குக்கோடு
எதற்கும் அசையாமல் கிடந்தது.

வெள்ளிக்கிழமை தலைகுனிந்து சொன்னேன்,
எல்லாம் சரி, சத்தம் மட்டும் இல்லை.
சத்தமா? என்றார்.
முன்னே இருந்ததா?

மூடியில் ஒரு சீட்டு ஒட்டினேன்:
புதுப்பிக்கச் சொல்லிச் சிவப்புப் புள்ளி வரும்.
கெஞ்சும். அழுத்த வேண்டாம்.
அவர் என் நாற்காலியிலேயே அமர்ந்து
ஒற்றை விரலால் படிவத்தை நிரப்பினார்.
செவித்திறன் என்ற கட்டத்தில் விரல் நிற்கவேயில்லை,
இயல்பு.
நான் பிரிண்டருக்குத் தாள் போடத் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க
அந்தப் படகில்தான் நீரிணை தாண்டினேன்.
பாதி வழியில், யாரும் பார்க்காதபோது,
ஒரு காலின் ஷூவைக் கழற்றி
இரும்புத் தளத்தில் பாதத்தை வைத்தேன்.
குளிர் ஏறியது.
அதற்கடியில் ஏதோ ஒன்று சீராகத் துடித்தது,
அல்லது சீராகத்தான் துடிக்கிறது என்று
நான் பொத்தானை அழுத்தினேன்.