யாரையும் சாராதவர்

டுலூத்தில் ஏப்ரல் பாதி தாண்டியும்
கரையோரம் பனிக்கட்டிகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன.
இன்று காலை ஒரு தாதுக் கப்பல்
பாலத்தைத் தூக்கச் சொல்லி ஒலித்தது.
என் மேசைவரை கேட்கும் அது.
நிதியுதவி அலுவலகம், தரைத்தளம், மூன்றாவது ஜன்னல்.

பிரிட்டா நியெமேலா உள்ளே வந்தாள்,
பின்னாலேயே அவள் அப்பா.
முதுகலைக்கு வருகிறவர்கள் அப்பாவைக் கூட்டி வருவதில்லை.
ஆர்விட். பனி வாரும் வண்டி ஓட்டுகிறார்.
இரவுப் பணி முடித்து நேராக வந்த பூட்ஸிலிருந்து
சாலை உப்பு உதிர்ந்தது,
என் கம்பளத்தில் வெள்ளை வெள்ளையாக.

அவள் படிக்கப்போவது ஏரியின் அடிச்சேறு.
நூறாண்டுச் சேற்றைக் குழாயில் உறிஞ்சியெடுத்து
எந்த வருஷம் என்ன விழுந்தது என்று வாசிப்பாளாம்.
"நீங்கள் கொட்டுகிற உப்பும் அதில் தெரியும், அப்பா."
"அளவோடுதான் கொட்டுகிறோம்" என்றார்.
பிறகு என்னிடம்:
"சேற்றுக்கு யார் பணம் தருவார்கள்?"
கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

சொன்னேன்.
கற்பித்தல் உதவியாளர் வேலை, வாரம் இருபது மணி நேரம்,
இளநிலைப் பிள்ளைகளின் ஆய்வக நோட்டுகளைத் திருத்த வேண்டும்,
கட்டணம் பாதி தள்ளுபடி, கையில் கொஞ்சம்.
இடம் நான்கு. விண்ணப்பம் முப்பத்தொன்று.
பேராசிரியரின் ஆய்வு நிதி வந்தால் வேறு கதை;
அது இரண்டு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது.
ஒரு அறக்கட்டளை உண்டு, மாலுமி ஒருவரின் விதவை வைத்தது,
ஆண்டுக்கு எழுநூறு டாலர்,
ஏரிக்கு உறவைப் பறிகொடுத்தவர்களுக்கு முன்னுரிமை.
"நாங்கள் யாரையும் பறிகொடுக்கவில்லை" என்றாள் பிரிட்டா,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.

மிச்சம் கடன்.
இளநிலையில் வாங்கியதில் ஒரு பகுதி
படித்து முடிக்கும்வரை தூங்கும்.
இது அப்படியல்ல. பணம் வந்த அன்றே
வட்டி கண்விழித்துவிடும்.
இந்த வாக்கியத்தை வருஷத்துக்கு இருநூறு முறை சொல்கிறேன்.
என் சொந்தக் கடனுக்கு வயது பதினெட்டு.
இந்நேரம் அது ஓட்டுப் போடலாம்.

படிவத்தை நிரப்பத் தொடங்கினோம்.
பெயர், பிறந்த தேதி, சென்ற ஆண்டு வருமானம்:
மளிகைக் கடைக் கல்லா, கோடையில் படகுத்துறை.
ஆர்விட் கோட்டுக்குள் கைவிட்டு
ரப்பர் வளையம் போட்ட கத்தை ஒன்றை எடுத்தார்.
வரித் தாள்கள், மூன்று வருஷம்,
ஓரம்கூட மடங்காமல்.
மேசையில் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

எப்படிச் சொல்வது?
பட்டம் வாங்கி ஒரு படி ஏறியதும்
படிவம் அவளை
யாரையும் சாராதவர் என்று எழுதிக்கொள்கிறது.
சலுகைதான். பெரும்பாலும் நல்லதுதான்.
"உங்கள் வருமானத்துக்கு இதில் இடமே இல்லை"
என்றேன், நல்ல செய்தி போல.

வெளியே கப்பல் இன்னும் கடந்துகொண்டிருந்தது.
"அஞ்சு வருஷம் முன்னால் இதே ஜன்னலில்
என் சம்பளம் அதிகம் என்று மானியத்தைக் குறைத்தீர்கள்."
ஆமாம். நானாகத்தான் இருக்கும்.
"இப்போது நான் இல்லவே இல்லையா?"

"வெறும் தாள்தானே, அப்பா."
"அவளைப் படிக்கவைப்பது என் கடன்" என்றார்.
அந்தக் கடனுக்கு என்னிடம் கட்டம் இல்லை.

கடன் பத்திரத்தைத் திருப்பிக்கொண்டே போனேன்.
உள்ளே ஒரு பக்கம் இருக்கிறது,
யாரும் கவனித்து நிரப்பாத பக்கம்:
மாணவரை மூன்று வருஷமாவது அறிந்த இருவர்,
பெயர், முகவரி, தொலைபேசி.
"இவர்கள் கட்ட வேண்டியதில்லை" என்றேன்.
"அவள் தொலைந்துபோனால் தேடிக்கொண்டு வருவோம், அதற்காக."

பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.
வண்டி ஓட்டும் கை, பெரிய பெரிய எழுத்து,
கோட்டுக்கு வெளியே வழிந்தது.
"இருபத்துமூன்று வருஷமாகத் தெரியும்" என்றார்,
நான் கேட்கவில்லை,
"அக்டோபரில் இருபத்துநாலு."

இரண்டாவது பெயர் யார் என்று
இருவரும் நெடுநேரம் யோசித்தார்கள்.
வரிசையில் அடுத்த ஆள் இருமினார்:
மானிடவியல், இரண்டாம் ஆண்டு,
உதவித்தொகை நின்றுவிட்டது.