கண்டது என்ற கட்டம்

அலுதாகுசே காட்டில்
பலகைக் குடில் ஒன்றின் சாவி
என்னிடம் இருக்கிறது.
மாலை ஐந்துக்கு ஆட்களை உள்ளே விட்டு
காலை எட்டுக்குத் திறந்துவிடுவேன்.
இடையில் வெளியே வரக் கூடாது
இருமக் கூடாது
ஆரஞ்சுத் தோல் உரிக்கக் கூடாது.
பதினொரு வருடமாக இதை
ஒரே குரலில் சொல்லிவருகிறேன்.

போக அரை மணி, வர அரை மணி.
அந்தச் சேற்றுப் பாதையில்தான்
எனக்கும் அவர்களுக்கும் பழக்கம்.
பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது
தலையைப் பிடிக்க மாட்டார்கள்
மடியிலிருக்கும் லென்ஸைப் பிடிப்பார்கள்.

பில்பாவோக்காரர் எனெக்கோ
மூன்று கண்டங்களில் ஆந்தைக்காகக் குளிர்ந்தவர்.
உங்கள் தெருவில் ஆந்தை உண்டா என்றேன்.
யோசித்தார்.
சேறு முடியும்வரை யோசித்துக்கொண்டே வந்தார்.

பொழேனாவும் வியஸ்வாவும்
மணமாகி முப்பது வருடமாம்.
ஒரே இரவில் ஒரே குடிலில் தங்குவதில்லை.
ருமேனியாவில் ஒருமுறை
அவர் குறட்டை
அவளுடைய கரடியை விரட்டிவிட்டது.
வழக்கு இன்னும் நடக்கிறது
என் பின் இருக்கையில்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒக்-சூன்
தேகுவிலிருந்து நான்கு விமானம் மாறி வந்தார்.
கண்ணாடியில் உட்கார்ந்த கொசுவை மட்டும்
இருநூறு படம் எடுத்தார்.
கிளம்பும்போது என் கையைப் பிடித்து
நன்றாகத் தூங்கினேன் என்றார்
பல வருடங்களுக்குப் பிறகு என்பதுபோல.

குடிலில் ஒரு நோட்டு இருக்கிறது.
தேதி, பெயர், கண்டது
மூன்று கட்டம்.
பனிக்காலத்தில் வேலை இல்லாதபோது
அடுப்பருகே வைத்துப் படிப்பேன்.

கரடி பூஜ்யம். ரக்கூன் நாய் ஏழு.

இரவெல்லாம் மழை. கூரையைப் படமெடுத்தேன்.

இரண்டு நாற்பதுக்கு வந்தது.
கை நடுங்கியது. படம் இல்லை. போதும்.

அந்தப் போதும் என்ற சொல்லை
அடித்துவிட்டு
மறுபடி எழுதியிருந்தது அதே கை.

யாரும் எழுதாத ஒன்று, வாளி.
விழுந்த மரத்தடியில்
மீன் தலைகளை ஒளித்துவைப்பவள் நான்.
எல்லாப் படத்திலும் அந்த மரம் வரும்
பாசியோடு, பொன்னொளியோடு.
வாளி வராது.
குறை சொல்லவில்லை.
எனக்கும் அதை
சட்டத்துக்கு வெளியே வைக்கத்தான் பிடிக்கும்.

போன ஜூலையில்
வர வேண்டியவருக்கு ரீகாவில் விமானம் ரத்து.
மீன் வைத்தாயிற்று.
திரும்பிப்போக மனமில்லாமல்
உள்ளே போய் உட்கார்ந்தேன்.
பதினொரு வருடத்தில் முதல் இரவு.
இரவு என்று சொல்ல முடியாது
இங்கே அப்போது இருட்டு
வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிவிடும்.
லென்ஸுக்கு விட்ட துளைகளில்
துணி அசைந்தது.
அவர்கள் முதுகு எப்படி வலிக்கும்
என்பது தெரிந்தது.

ஒன்று பத்து.
முதலில் நாற்றம், ஈரக் கம்பளி மாதிரி.
படத்தில் இது கிடையாதே என்று நினைத்தேன்.
பிறகு கரடி.
மரத்தடிக்குப் போகவில்லை.
நேரே பாதைக்கு வந்து
சேற்றில் பதிந்திருந்த என் கால்தடத்தில்
மூக்கை வைத்தது.
எடுக்கவில்லை.
எனக்கு இருமல் வந்தது.
என் சட்டம் எனக்கு,
விழுங்கினேன்.
அவ்வளவு நேரம் யாரும்
என்னை
விசாரித்ததில்லை.

மீன் வாடையாகத்தான் இருக்கும்.
வேறென்ன.

நான்கு மணிக்கே காடு காலியாகிவிட்டது.
சாவி என் பையிலேயே இருந்தது.
இருந்தும் எட்டு வரை காத்திருந்தேன்.

நோட்டில் தேதி எழுதினேன்.
பெயர், வில்வே.
மூன்றாவது கட்டத்தில்
யார் கண்டது, யாரைக் கண்டது
என்று போடப்படவில்லை.
இடது பூட்ஸ், அளவு முப்பத்தொன்பது
என்று எழுதினேன்.

அடுத்த வாரம் வந்த டேனிஷ்காரர் தோர்பன்
காலையில் வண்டியில் ஏறியதும்
அது எந்த இனம் என்று கேட்டார்.
பள்ளம் வருகிறது
லென்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.