ஐந்து அருவி, ஒரு லைசென்ஸ்

செவ்வாய்க்கிழமை நால்வருக்கும் விடுப்பு.
பதினோரு மாதத்தில் இது முதல் தடவை.
ரோஸ்டர் தாளில் அந்தத் தேதிமேல் விரல் வைத்துப் பார்த்தேன்,
ஈரம் பட்டால் அழிந்துவிடுமோ என்பதுபோல.

கெய்ர்ன்ஸில், இந்த முதியோர் இல்லத்தில்,
எப்போதும் தண்ணீரோடுதான் வேலை.
குளிப்பாட்டும் தண்ணீர், துடைத்தெடுக்கும் தண்ணீர்,
விழுங்க முடியாதவர்களுக்குப்
பொடி கலந்து கூழாக்கிய தண்ணீர்.
ஒரு நாளாவது
யாரையும் கழுவ வேண்டாத தண்ணீரைப்
போய்ப் பார்க்க வேண்டும்.

கரன்ட் பில் வந்த உறையின் பின்புறம் எழுதுகிறேன்.
ஐந்தரை, புறப்பாடு.
சகாயராணி வருவதால் ஆறு.
கார்டன்வேல் தாண்டியதும் கில்லீஸ் மலைப்பாதை,
இருநூற்று அறுபத்துச் சொச்சம் வளைவு என்கிறார்கள்.
ராணிக்கு முன் சீட்டு, எலுமிச்சம்பழம் ஒன்று,
பிளாஸ்டிக் பை நான்கு.
எதற்கு நான்கு என்றேன்.
"என்னைப் பார்த்தா உங்களுக்கும் வரும்" என்றாள்.

முதலில் மலாண்டா, பத்து நிமிடம் போதும்.
பிறகு மில்லா மில்லா.
எழினி தலை நனைக்காமல் வரமாட்டாள்,
அந்தக் கூந்தல் காய நாற்பது நிமிடம் சேர்க்க.
ஜில்லி.
எலின்ஜாவில் படி இறங்க வேண்டும்.
மெர்லினின் முழங்காலைப் பற்றிக் கேட்கக் கூடாது,
நாம்தான் மெதுவாக நடக்க வேண்டும்.
அட்டைக்கு உப்பு.
தக்காளிச் சோறு; முட்டை தனியாக,
செவ்வாய்க்கிழமை எழினி தொடமாட்டாள்.
கடைசியாகக் கீழே இறங்கி ஜோசஃபின்.
இருட்டுமுன் நெடுஞ்சாலை சேர வேண்டும்.
அந்தியில் வாலபி குறுக்கே பாயும்;
என் இன்ஷூரன்ஸ் வாலபியை மதிக்காது.

மெர்லின் "நீர்வீழ்ச்சி" என்றே சொல்கிறாள்.
பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தாளாம்.
எனக்கு அந்தச் சொல் வாயில் நிற்பதில்லை.
விழுந்தவர் பெயர், விழுந்த நேரம்,
எந்தப் பக்கமாக, யார் முதலில் கண்டது,
தலையில் அடியா:
வாரத்துக்கு இரண்டு படிவமாவது நிரப்புகிறேன்.
போன வியாழன் திருமதி ஐரிஸ்,
கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடுவே,
கையில் ஒற்றைச் செருப்போடு.
அருவி என்றே எழுதிக்கொண்டேன்.
அதில் யாரும் விழுந்த மாதிரி இல்லை.

டயருக்குக் காற்று, தொட்டி நிறைய பெட்ரோல்.
பழைய கொரோல்லா, ஏசிக்கு ஆஸ்துமா.
நால்வரில் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்தி,
அதுவும் மூன்றாவது டெஸ்டில் தேறியவள்.
மலைப்பாதையில் கார் ஓட்டியதே இல்லை
என்பதை உறையில் எழுதவில்லை.

இரவு ஒன்பது பத்துக்கு போன் அடித்தது.
டெபோரா.
இந்த நேரத்தில் மேற்பார்வையாளர் கூப்பிட்டால்
அதற்கு ஒரே அர்த்தம்தான்:
காலையில் யாரோ வரவில்லை.

பதினான்காம் அறை கீத்
என் கையால் கொடுத்தால்தான் கஞ்சி குடிப்பார்.
மற்றவர்கள் கொடுத்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு
ஜன்னலைப் பார்ப்பார்.
டெபோராவுக்கு அது தெரியும்.
எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

அடுப்பில் முட்டை கொதித்துக்கொண்டிருந்தது,
மூன்று முட்டை, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு.
போன் நின்றது.
குழுவில் ராணி ஒரு படம் போட்டிருந்தாள்:
கட்டில்மேல் நீலத் துண்டு, தொப்பி, புதுச் செருப்பு,
நான்கு பைகளும் மடித்து வரிசையாக.
இந்த நேரத்துக்கு அவள் தூங்கியிருக்க வேண்டும்.

உறையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.
எழுதினேன்:
எத்தனையாவது வளைவில் சிக்னல் போகும், கவனிக்க.

மறுபடி அடித்தது.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
மேஜை மரம் நடுங்கியது,
உறைமேல் கிடந்த பேனா மெல்ல உருண்டது.
அதைப் பிடிக்காமல்
முட்டையை இறக்கிப்
பச்சைத் தண்ணீரில் போட்டேன்.