அயல் கிணறு

வரைபடம் மூன்றாம் தடவையும் திரும்பி வந்தது.
சிவப்பு மையில் ஒரு வரி:
"அயல் கிணறுகள் காட்டப்படவில்லை."

வடக்கு அம்பு இருக்கிறது. அளவுத்திட்டம் நூற்றுக்கு ஒன்று.
வெட்டுமுகம், யன்னல் அட்டவணை, உறுதியின் பிரதி,
நில அளவையாளரின் கையொப்பம்,
மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதற்குக்கூட
ஒரு சின்னக் கோடு.

"அந்த வளவில ஆர் இருக்கினம் பிள்ளை?
தொண்ணூற்றைஞ்சில போன சனம்.
ஒரு வட்டம்தானே, விடுங்கோ."
ஸ்காபரோவிலிருந்து இராசகுலேந்திரன்,
பின்னால் பனி வழிக்கும் சத்தம்.

அளவுநாடாவோடு வேலி கடந்தேன்.
உரும்பிராய் வெயில். இப்பிலிப்பில் பற்றை.
பாம்பு கேட்கட்டும் என்று செருமிக்கொண்டு போனேன்.
ஆடுகால் ஒன்று நின்றது, துலா இல்லாமல்.
அதற்கப்பால் கட்டு உடைந்த வாய்.
எட்டிப் பார்த்தால் ஆழத்தில்
காசளவு வானம், அசையாமல்.

மலக்குழியிலிருந்து முப்பத்தெட்டு அடி.
காணாது.
சுண்ணாம்புக்கல் நிலம் இது, கீழே எல்லாம் துளை.
இங்கே இறக்குவதை
ஆர் வீட்டு வாளி அள்ளும் என்று
எந்த உறுதியும் எழுதுவதில்லை.

குழியைத் தென்கிழக்குக்கு நகர்த்தினேன்.
கார்க் கொட்டில் நாலடி சுருங்கிற்று.
"அக்கினி மூலையிலயோ!" என்றவர்
இரண்டு நாள் பேசவில்லை.

நாலாம் தடவை.
சபை உத்தியோகத்தர் பேனையைத் தட்டினார்:
"பாவனையில் உள்ளதா, இல்லையா? குறிப்பு வேணும்."

எழுதினேன்:
கிணறு. விட்டம் ஒன்பதடி.
தண்ணீர் இருபத்தேழு அடியில்,
பங்குனி மாதம்,
பார்த்தது நான்.